பெரியவர்களுக்குச் செல்போனில் மூளைப் பயிற்சி: வீட்டில் எப்படித் தொடங்கி எப்படி நடத்துவது

என் அம்மா முக்கூடலில் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். அப்பா காலமான பிறகு பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்கிறார். வயது 73. வந்த கொஞ்ச நாளிலேயே சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். எதிர்வீட்டுக்காரர் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. காலையில் கேட்ட கேள்வியையே மத்தியானமும் கேட்பார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை, மூளையைச் சும்மா இருக்க விடாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பீடித்தட்டு மடியில் இருந்தவரை அம்மாவுக்குக் கவனம், கணக்கு, பேச்சு மூன்றும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. இலை வெட்ட அளவு பார்க்க வேண்டும், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கு போட வேண்டும், பக்கத்துத் திண்ணைக்காரியோடு ஊர்க்கதையும் பேச வேண்டும். பாளையங்கோட்டைக்கு வந்த அன்றோடு அத்தனையும் நின்றுபோனது. அந்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்றுதான் செல்போனைக் கையில் எடுத்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. தவறு செய்து திருத்திக்கொண்டதையும் சேர்த்து, இதே நிலையில் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இதனால் என்ன வரும், என்ன வராது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். அல்லது தேவையில்லாமல் காசு போகும்.

முதியோருக்கான மூளைப் பயிற்சியில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவில் நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு. 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு குழுவுக்கு நினைவாற்றல், ஒரு குழுவுக்குத் தர்க்கம், ஒரு குழுவுக்குப் பார்த்ததை விரைவாகப் புரிந்துகொள்ளும் வேகம் என்று தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். நாலாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. ஐந்தாறு வாரத்தில் மொத்தமே 10 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் முடிவு 2002-இல் வந்தது. 10 வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்த முடிவு 2014-இல் வந்தது. வேகப் பயிற்சி எடுத்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அந்தத் திறனில் தொடங்கிய நிலையிலோ அதற்கு மேலோ இருந்தார்கள். பயிற்சி எடுக்காதவர்களில் அப்படி இருந்தவர்கள் சுமார் 49 சதவீதம். தர்க்கப் பயிற்சியின் பலனும் நின்றது. நினைவாற்றல் பயிற்சியின் பலன் 10 வருஷம் தாங்கவில்லை.

எந்தப் பயிற்சி எடுத்தார்களோ அந்தத் திறன்தான் கூடியது என்பதைக் கவனியுங்கள். வேகத்துக்குப் பயிற்சி எடுத்தவருக்கு நினைவாற்றல் தானாக ஏறிவிடவில்லை. 2010-இல் இங்கிலாந்தில் 11,430 பேரை ஆறு வாரம் இணையத்தில் விளையாட வைத்துப் பார்த்தபோதும் இதேதான் தெரிந்தது. அவர்கள் 60 வயது வரையிலானவர்கள். விளையாடிய விளையாட்டில் தேறினார்கள், மற்ற எதிலும் தேறவில்லை. சீட்டுப் பொருத்தும் விளையாட்டில் அம்மா கெட்டிக்காரி ஆகிவிட்டார் என்பதற்காக மாத்திரை போட மறக்கமாட்டார் என்று நம்பிவிடக் கூடாது. இடையில் ஒரு பாலம் நாம் போட வேண்டும். அது பின்னால் வருகிறது.

விளம்பரங்கள் இதைச் சொல்லாது. 'லுமாசிட்டி' என்ற பிரபலமான செயலியின் நிறுவனம், வயதால் வரும் மறதியையும் டிமென்ஷியா என்ற மறதி நோயையும் தள்ளிப்போடலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆகவே மறதி நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று எந்தச் செயலி சொன்னாலும் அதை இறக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் 2019 வழிகாட்டுதலில் முதியோருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. ஆதாரம் வலுவானது அல்ல என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறது.

என் கண்ணைத் திறந்தது இன்னொரு ஆய்வு. 2014-இல் 52 ஆய்வுகளை, ஏறத்தாழ 4,900 முதியோரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கணினி வழிப் பயிற்சியால் சிறிய அளவில் பலன் உண்டு என்று தெரிந்தது. ஆனால் யாரும் பக்கத்தில் இல்லாமல் வீட்டில் தனியாகச் செய்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. குழுவாக, மேற்பார்வையோடு செய்தவர்களுக்குத் தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாளைத் தாண்டியவர்களுக்கும் பலனில்லை. அரை மணி நேரத்துக்குக் குறைந்த அமர்வுகளும் பெரிதாக உதவவில்லை. 'ஆக்டிவ்' ஆய்விலும் பயிற்சியாளர் ஒருவர் கூடவே இருந்தார். எனவே போனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "இத வச்சு வெளையாடிட்டு இருங்கம்மா" என்று வேலைக்குப் போய்விட்டால், அம்மாவுக்குப் பொழுது போகும். பயிற்சி ஆகாது. இந்த வழிகாட்டி முழுவதும் வீட்டில் யாராவது ஒருவர் வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருவார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. பேரன் பேத்தி உட்கார்ந்தாலும் சரிதான்.

போனைத் தொடுமுன்: கண், காது, மாத்திரை

மறதி மாதிரித் தெரிவது பல நேரம் மறதியாக இருக்காது. காது மந்தமானவருக்கு நாம் சொன்னது மூளைக்கே போயிருக்காது. போகாத விஷயம் நினைவில் எப்படி இருக்கும்? பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் குறைவு, சில மாத்திரைகளின் மயக்கம் எல்லாம் மறதி மாதிரியே வரும். இவை சரிசெய்யக் கூடியவை. அம்மாவின் பழைய மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டினேன். அது நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு, டிமென்ஷியா நோயாளிகளில் சுமார் 45 சதவீதம் பேருக்கு அது வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி இருந்திருக்கலாம் என்று சொல்லி, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, கவனிக்காத கண்பார்வைக் குறை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகை, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. அதனால் கண்புரை இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. மதுரைக்குப் போக வேண்டியதில்லை. கொதிப்பு, சர்க்கரை மாத்திரைக்கு அலைய முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

காது கேட்கும் கருவி வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம். மூளைப் பயிற்சிச் செயலிக்கு வருஷச் சந்தா கட்டுவதற்கு முன்னால் அந்தப் பணம் காதுக்குப் போக வேண்டும்.

போனைத் தயார் செய்வது

சின்னத் திரை வேண்டாம். வீட்டில் பழைய டேப்லெட் இருந்தால் அது இன்னும் நல்லது. அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். திரை அணையும் நேரத்தை ஐந்து நிமிஷத்துக்கு மாற்றுங்கள். முதியவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது திரை இருண்டுபோனால் தான் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துவிடுவார். 'அணுகல்தன்மை' பகுதியில் விரலை எவ்வளவு நேரம் வைத்தால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நேரத்தைக் கூட்டலாம். நடுக்கம் உள்ள கைக்கு இது பெரிய உதவி. போனைக் கையில் பிடிக்க விடாமல், ஸ்டாண்டில் சாய்த்து மேஜைமேல் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காத பக்கமாக இருக்கட்டும்.

முதல் நாள் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காபி குடித்து முடித்த கையோடு அம்மாவைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, எட்டுச் சீட்டு மட்டும் உள்ள பொருத்தும் விளையாட்டைத் திறந்து வைத்தேன். அம்மா ஆட்காட்டி விரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். பிறகு இலையை மடக்குவது போல அழுத்தினார்.

"ஏட்டி, நானும் தொட்டுத் தொட்டுப் பாக்கேன், இது அசையவே மாட்டேங்கு."

"அமுக்காதீங்கம்மா, பூவத் தொடுத மாதிரி தொடுங்க."

"நான் தொட்டா பூவுக்கே தெரியாது. வெரலப் பாரு."

விரலைத் திருப்பிக் காட்டினார். நாற்பது வருஷம் இலையும் நூலும் உரசி உரசி, ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் நுனியில் காய்த்துப் போய், ரேகையே தெரியாமல் மொழுக்கென்று இருந்தன. தொடுதிரை தோலில் உள்ள ஈரத்தின் வழியாக ஓடும் மின்தன்மையை வைத்துத்தான் விரலை உணர்கிறது. காய்ந்த, தடித்த தோலை அது கண்டுகொள்ளாது. நம் பக்கத்தில் பீடி சுற்றியவர்கள், பத்தமடையில் பாய் நெய்தவர்கள், வயலில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்களெல்லாம் முதல் நாளே "எனக்கு இது வராது" என்று எழுந்து போய்விடக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். ஈரத் துணியை ஒரு தடவை விரலில் ஒற்றியெடுத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். மோதிர விரல் பெரும்பாலும் மிருதுவாக இருக்கும், அதால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த திரைக்கண்ணாடி ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். சில போன்களில் தொடு உணர்திறனைக் கூட்ட வசதி இருக்கிறது. எதுவும் சரிப்படவில்லையென்றால் ரப்பர் நுனி உள்ள தொடுபேனா கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. அம்மா இப்போது அந்தப் பேனாவைத்தான் வைத்திருக்கிறார்.

அடுத்தது பணம். இதில் நான் பட்டுக்கொண்டேன். ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்த ஒரு செயலியை என் கணக்கிலிருந்தே இறக்கினேன். பிடிக்கவில்லை என்று மூன்றாம் நாள் நீக்கியும்விட்டேன். எட்டாம் நாள் ஒரு வருஷச் சந்தா என் கார்டில் போய்விட்டது. செயலியைப் போனிலிருந்து அழிப்பதால் சந்தா ரத்தாவதில்லை. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். பிளே ஸ்டோர் அமைப்பில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள். பயிற்சி செய்கிற போனில் ஜிபே, போன்பே, வங்கிச் செயலி எதுவும் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இலவச விளையாட்டுகளில் விளம்பரம் குறுக்கே வரும். "உங்கள் போனில் வைரஸ்" என்று சிவப்பாக எழுந்து நிற்கும். பெரியவர்கள் பதறிப்போய் அமுக்கிவிடுவார்கள். விளையாடும் நேரத்தில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டால் பல விளையாட்டுகள் விளம்பரம் இல்லாமலேயே ஓடும். ஒரே செயலியைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புக்குள் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் தவறி வேறெங்கும் போகமாட்டார். இத்தனைக்கும் மீறிப் பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எந்தப் பயிற்சி?

கடையில் போய் மருந்து கேட்பது போல "நல்ல மூளைச் செயலி எது" என்று கேட்கக் கூடாது. ஒரு வாரம் பெரியவரைச் சும்மா கவனியுங்கள். எங்கே தடுமாறுகிறார்? ஒரு வேலையின் நடுவில் இன்னொன்று குறுக்கிட்டால் முதல் வேலையை விட்டுவிடுகிறாரா? அது கவனம். கையில் வாங்கிய சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கணக்கு விட்டுப்போகிறதா? அது மனதில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் திறன். சாலையில் வருகிற வண்டியைக் கடைசி நொடியில்தான் பார்க்கிறாரா? அது வேகம். சொல் வரவில்லையா? அது மொழி. எது அன்றாடத்தை அதிகம் இடறுகிறதோ அதை ஒன்றாக எடுத்துக்கொண்டு, கூட இன்னொன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றும் நிற்காது.

'ஆக்டிவ்' ஆய்வின் வேகப் பயிற்சியிலிருந்து வளர்ந்த பயிற்சி 'பிரெயின் ஹெச்.க்யூ' என்ற சேவையில் இருக்கிறது. நடுவில் ஒரு வண்டி, ஓரத்தில் ஒரு பலகை, இரண்டும் கண நேரம் தோன்றி மறையும். எந்த வண்டி, எந்த இடத்தில் பலகை என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லத் தோன்றும் நேரம் சுருங்கும். படம் மட்டும் என்பதால் ஆங்கிலம் தெரியாதவரும் பழகலாம். ஆனால் முதல் இரண்டு நாள் நாம் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும். தர்க்கத்துக்குச் சுடோகு போதும். 9 கட்டத்தில் தொடங்காதீர்கள். 4 கட்டம் உள்ளது கிடைக்கும், அதில் தொடங்கி 6-க்குப் போகலாம். சொல்லுக்கு ஆங்கில விளையாட்டு வேண்டவே வேண்டாம். தெரியாத மொழியில் திணறுவது மூளைக்குப் பயிற்சியாகாது, மனசுக்குப் பாரம்தான். தமிழில் குறுக்கெழுத்தும் சொல்தேடலும் கிடைக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படமும் குரலும் மட்டும் உள்ளவற்றை வையுங்கள்.

பல்லாங்குழி, ஆடுபுலி, தாயம் எல்லாம் இப்போது போனிலேயே இருக்கின்றன. அம்மாவுக்குப் பல்லாங்குழியை இறக்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் எனக்கே விளங்கிவிட்டது, அது வேண்டாம் என்று. போனில் ஒரு குழியைத் தொட்டால் முத்துகள் தானாகப் போய் விழுந்துவிடுகின்றன. எண்ணுவதும், எத்தனை மீதி என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதும்தானே அந்த ஆட்டத்தின் உயிர்? அதைப் போன் செய்துவிடுகிறது. பரணில் கிடந்த பலகையை இறக்கிப் புளியங்கொட்டையைப் போட்டுக் கொடுத்தேன். 14 குழியிலும் விரல் ஓடுகிறது, வாய் எண்ணுகிறது, எதிரே பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஆடுபுலி மட்டும் போனிலும் பரவாயில்லை. 3 புலியும் 15 ஆடும் என்ன செய்யும் என்று முன்கூட்டி யோசிக்கிற வேலை அதில் நம்மிடமே இருக்கிறது.

முதல் இரண்டு வாரமும் அதற்குப் பிறகும்

முதல் இரண்டு வாரம் 15 நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். அந்தக் காலம் போனோடு பழக மட்டுமே. மூன்றாவது வாரத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி என்று நாளை நிலையாக வைத்துக்கொண்டு 30 முதல் 40 நிமிஷம். நடுவில் ஐந்து நிமிஷம் எழுந்து வீட்டுக்குள் நடக்க வையுங்கள். நேரம் காலைதான் நல்லது. சாப்பிட்ட கையோடு வேண்டாம், இரவில் வேண்டவே வேண்டாம். திரையும் பரபரப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். இந்தக் கணக்கில் 12 வாரம் ஓட்டுங்கள்.

கடினத்தை எப்படி ஏற்றுவது என்பதில்தான் பயிற்சியின் சூட்சுமம் இருக்கிறது. பத்துக்குப் பத்து சரியாக வந்தால் அது பொழுதுபோக்கு. பத்துக்கு நாலு வந்தால் அது தண்டனை. ஏழெட்டு சரியாக வருகிற இடத்தில் நிறுத்தி வையுங்கள். இரண்டு அமர்வு தொடர்ந்து ஒன்பது வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். இரண்டு அமர்வு ஐந்துக்குக் கீழே போனால் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு படி இறக்குங்கள்.

விடையைச் சொல்லிவிடாதீர்கள். இது நமக்குக் கஷ்டம். அம்மா விரல் தவறான கட்டத்தின்மேல் தொங்கும்போது என் வாய் தானாகத் திறக்கும். மனசுக்குள் பத்து எண்ணப் பழகிக்கொண்டேன். எண்ணி முடிப்பதற்குள் பாதித் தடவை அவரே திருத்திக்கொள்வார்.

மதிப்பெண்ணை மறைத்துவிடுங்கள். நான்காவது வாரத்தில் ஒரு விளையாட்டு "உங்கள் மூளை வயது 84" என்று திரையில் போட்டது. மகள் விளையாட்டாக அதைச் சத்தமாக வாசித்துவிட்டாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "என் மூள கெட்டுப்போச்சாட்டி?" என்று கேட்டார். அந்த எண் பெரும்பாலும் விரலின் வேகத்தையும் அந்த விளையாட்டு எத்தனை நாள் பழக்கம் என்பதையும் காட்டுகிறதே தவிர, மூளைக்கு வயது பார்க்கும் பரிசோதனை அது இல்லை. அதைப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அன்றே அந்தச் செயலியை எடுத்துவிட்டேன். மூளை வயது சொல்கிற எதையும் பெரியவர்கள் கையில் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பாலம் போடுவது

திரையில் பழகியதை அன்றாடத்துக்குக் கொண்டுவராவிட்டால் அது திரையிலேயே தங்கிவிடும் என்று மேலே சொன்னேன். ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்குகிறோம். இதற்கும் போன்தான், ஆனால் விளையாட்டுச் செயலி இல்லை.

மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போகும் நாளில் ஏழு சாமான் பெயரை அம்மா போனில் குரல்பதிவாகச் சொல்கிறார். பிறகு போனைப் பையில் போட்டுவிடுகிறோம். சந்தையில் நினைவிலிருந்து வாங்க வேண்டும். வாங்கி முடித்து ஆட்டோவில் ஏறியபிறகு பதிவைக் கேட்டுச் சரிபார்க்கிறோம். முதலில் நாலுதான் வந்தது. அப்போது ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன்: உதிரியாக நினைக்க வேண்டாம், எதற்கு வாங்குகிறோம் என்று சேர்த்து நினையுங்கள் என்று. முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், தேங்காய் நாலும் சொதிக்கு. புளி, சின்ன வெங்காயம் இரண்டும் குழம்புக்கு. வாழைக்காய் பொரியலுக்கு. ஏழு சாமான் மூன்று சமையலாகச் சுருங்கியது. அடுத்த வாரமே ஏழும் வந்தது. வகைபிரித்துச் சேர்ப்பதும் மனசில் படமாகப் பார்ப்பதும்தான் நினைவாற்றல் பயிற்சி வகுப்புகளில் கற்றுக்கொடுக்கிற உத்தி. அதைச் சந்தையிலேயே செய்தால் தனியாகப் பாலம் தேவைப்படுவதில்லை.

இன்னொன்று திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரயில் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொல்வது. ஜங்ஷன், டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். முன்னோக்கிச் சொல்வது அம்மாவுக்கு மனப்பாடம். அம்பாசமுத்திரத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் மூளை வேலை செய்யும். அடுத்து ஒன்று விட்டு ஒன்று. போனில் வரைபடத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்கிறோம். வரைபடத்தில் விரலால் தாமிரபரணியைத் தொட்டுக்கொண்டே முக்கூடலைத் தேடுவதும் ஒரு பயிற்சிதான். உங்கள் வீட்டுப் பெரியவர் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் என்றால் அந்தப் பாதையின் ஊர்களை வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ஊராக இருப்பது முக்கியம்.

சமையல் குறிப்பைப் படிப்படியாகச் சொல்லிப் பதிவு செய்து, மறுநாள் கேட்டு எந்தப் படி விட்டுப்போனது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். போனிலுள்ள பழைய கல்யாணப் படத்தைப் பெரிதாக்கி, யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லச் சொல்லலாம். வெளியூரில் இருக்கிற சித்திக்கு வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பச் சொல்லலாம். சித்தி பதில் அனுப்பினால் அதிலுள்ள மூன்று செய்தியை நமக்குச் சொல்ல வேண்டும். இதில் பேச்சும் உறவும் சேர்ந்து வருவதால் எல்லாவற்றையும்விட இதையே நான் மேலாக வைப்பேன்.

உடம்பையும் விட்டுவிடக் கூடாது. 2015-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக் கொதிப்பு முதலானவற்றின் கண்காணிப்பு நான்கையும் சேர்த்தே கொடுத்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் கேட்டவர்களைவிட அவர்கள் சிந்தனைத் திறனில் நன்றாக இருந்தார்கள். அம்மா செவ்வாய், வியாழன், சனியில் விடிந்ததும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் அரை மணி நேரம் நடக்கிறார்.

நோட்டில் என்ன எழுதுவது

மதிப்பெண் எழுத வேண்டாம். வாரம் ஒருமுறை நாலு வரி போதும். அடுப்பை மறந்தது எத்தனை தடவை, மாத்திரையை நினைவூட்ட வேண்டியிருந்தது எத்தனை தடவை, சந்தையில் எத்தனை சாமான் நினைவிலிருந்து வந்தது, அம்மாவாக யாரையாவது போனில் கூப்பிட்டாரா. டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டு பேசும்.

எப்போது நிறுத்தி டாக்டரைப் பார்ப்பது

வருஷக்கணக்காக நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றுவிட்டார், பணத்தை இரண்டு தடவை கொடுத்துவிட்டார், தேவையில்லாமல் யாரையாவது திருடன் என்கிறார், குணமே மாறிவிட்டது என்றால் செயலியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான கணக்கு சொல்கிறது. மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. ஓரிரு நாளுக்குள் திடீரென்று குழப்பம் வந்தால், அது கிருமித் தொற்றாகவோ சர்க்கரை, உப்பு அளவு மாறியதாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாய் கோணுதல், கை கால் ஒரு பக்கம் விழுதல், பேச்சுக் குளறுதல் என்றால் 108-ஐக் கூப்பிட நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஏற்கெனவே டிமென்ஷியா என்று சொல்லப்பட்டவருக்கு, சரி தவறு சொல்லும் விளையாட்டுகள் பெரும்பாலும் மனசை உடைக்கும். அவர்களுக்குப் போனில் பழைய பாட்டு, குடும்பப் படம், ஊர்த் திருவிழா வீடியோ, அதைச் சுற்றிப் பேச்சு. தோற்கிற மாதிரி எதுவும் வேண்டாம். வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆலோசனை தேவைப்பட்டால் முதியோர் உதவி எண் 14567-க்கு இலவசமாகப் பேசலாம்.

12 வாரம் முடிந்ததும் பயிற்சியை நிறுத்திவிட்டு இடைவெளி விடலாம். பாலப் பயிற்சிகள் மட்டும் ஓடட்டும். 'ஆக்டிவ்' ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஒரு வருஷம் கழித்தும் மூன்று வருஷம் கழித்தும் சில அமர்வுகளைத் திரும்பக் கொடுத்தார்கள். பலன் நிற்க அது உதவியது. எங்கள் வீட்டில் அதற்கு ஐப்பசி, கார்த்திகையை வைத்திருக்கிறோம். மழையில் மைதானம் சகதியாகிவிடும், அம்மாவால் நடக்கப் போக முடியாது. போன வருஷம் முதல் மழை பிடித்த அன்றே தொடுபேனாவைத் தேடி எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "யாரு இன்னைக்கு எங்கூட உக்காரப் போறா?" என்று கேட்டார்.